போனைப் பிள்ளை கையில் வைத்தது யார்?



"சேர்மார்தானே ஒன்லைன் படிப்பு என்று போனைப் பழக்கினீங்க?" பப்ஜி, ஃப்ரீ ஃபயர் பற்றி ஆசிரியர்கள் நாங்கள் வாய் திறந்தாலே காத்தான்குடியில் வரும் பதில் இதுதான். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினோம், உண்மை. பாடசாலை திறந்து எத்தனை வருடம்? போன் ஏன் இன்னும் வாப்பாவின் பொக்கெட்டுக்குத் திரும்பவில்லை? டேட்டா போட்டுக் கொடுப்பது நாங்களா?

அடுத்த சாட்டு, "அரசாங்கம் தடை செய்யட்டும்." இந்தியா 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்தது. மறுவருடமே அது வேறு பெயரில் வந்துவிட்டது.

கம்பனிக்காரன் நல்லவன் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு டயமண்ட் விற்று உழைக்கிறவன் அவன். ஆனாலும் ஐரோப்பாவில் பப்ஜி மொபைலுக்கு 16, ஜீ.டி.ஏ. ஐந்துக்கு 18 என்று வயது போட்டிருக்கிறது. அதைப் பார்க்க வேண்டியது பத்து வயதுப் பிள்ளையா? போனில் இருப்பதோ வாப்பாவின் கணக்கு. வாப்பாவுக்கு நாற்பது வயது, எல்லாம் திறக்கும்.

மீரா ஜும்ஆப் பள்ளிச் சுவரில் 1990 ஆகஸ்ட் 3இல் பாய்ந்த குண்டுகளின் துளைகள் இன்றும் இருக்கின்றன. இஷா முடிந்து அதைக் கடந்து போகும் பிள்ளைகள் "இண்டைக்கு எத்தனை கில்?" என்று கேட்டுக்கொண்டு போகிறார்கள். அந்தத் துளைகள் எப்படி வந்தன என்று அவர்களுக்கு வீட்டில் யாரும் சொன்னார்களா?

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு உம்மா மட்டும் வந்தால் போதாது, வாப்பாவும் வரவேண்டும். பிள்ளை பாவிக்கும் போனையும் கொண்டு வாருங்கள். வயதுக் கட்டுப்பாட்டை அங்கேயே போட்டுத் தருகிறோம். இரகசிய இலக்கத்தை மட்டும் பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள்.