நிற்கிற உடம்புக்குத்தான் குளிர்



சித்திரைப் புத்தாண்டு வந்தால் நுவரெலியா நகரம் திருவிழாக் கோலம் பூண்டுவிடும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியில் படகுச் சவாரி என்று கொழும்புப் பக்கமிருந்து கூட்டம் வந்து குவியும். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கோ இவை எல்லாவற்றையும்விட மாகாஸ்தோட்ட கார் ரேஸ்தான் பெரிது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், 1930களில் தொடங்கிய மலையேற்றப் போட்டி இது. எல்லாக் கார்களும் ஒன்றாகச் சேர்ந்து ஓடுவதில்லை. வளைந்து ஏறும் பாதையில் ஒவ்வொரு வண்டியாக விட்டு, யார் குறைந்த நேரத்தில் மேலே போய்ச் சேர்கிறார் என்று கணக்கெடுப்பார்கள். வண்டி நம்மைத் தாண்டிப் போவது கண் இமைக்கும் நேரம். மற்ற நேரமெல்லாம் அடுத்த வண்டிக்காகக் காத்து நிற்பதுதான். அந்தக் காத்து நிற்பதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்யும் ஒரு தோட்டத்தின் தாய்மார் குழுவோடு ரேஸ் பார்க்கப் போனேன். காலையில் நல்ல வெயில். பிள்ளைகள் எல்லாம் புத்தாண்டுக்கு எடுத்த உடுப்பில் வந்தார்கள். வலைத்துணியில் கை வைத்த கவுன், காலில் செருப்பு. புது உடுப்பை மறைத்து ஸ்வெட்டர் போடச் சொன்னால் எந்தப் பெண் பிள்ளை கேட்கும்? தாய்மார் நைலெக்ஸ் சேலையில். நானும் பெரிய கெட்டிக்காரி இல்லை, மெல்லிய பருத்திச் சுடிதாரில்தான் போயிருந்தேன்.

பதினொரு மணிபோல மூடுபனி இறங்கியது. பின்னாலேயே தூறல். பாதை நனைந்ததால் ஓட்டம் தாமதமானது. நான் பிள்ளைகளின் நெஞ்சையும் பிடரியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். விழப்போனது ஒரு தாய். தோளில் இருந்த துவாயைக் கைக்குழந்தைக்குச் சுற்றிவிட்டு, நனைந்த சேலையோடு இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றிருக்கிறார். தேத்தண்ணி கொடுத்தபோது கோப்பையைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. பேச்சு குழறியது. வீட்டில் இருந்த ஒரே ஸ்வெட்டர் எங்கே என்று கேட்டேன். கணவர் போட்டுக்கொண்டு கீழே கூட்டாளிகளோடு இருந்தார்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குள் கூட்டிப்போய், ஈரச் சேலையை மாற்றி, கடைக்காரம்மாவின் போர்வையைத் தலையோடு சுற்றி, சீனி நிறையப் போட்ட சூடான சாயத்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். அரை மணியில் தெளிந்தார். தெளிந்ததும் சொன்ன முதல் வார்த்தை, “நமக்கென்னங்க மிஸ், குளிரெல்லாம் பழகிப் போச்சு.”

இந்தப் பேச்சை எத்தனை லயத்தில் கேட்டிருப்பேன்! சகோதரிகளே, பழகியது குளிர் அல்ல, வேலை. காலையில் கொங்காணி போட்டு, படங்கு கட்டி, கூடையைச் சுமந்து மலை ஏறும்போது உடம்பே அடுப்பாக எரிகிறது. அதனால் குளிர் தெரிவதில்லை. அதே உடம்பு அசையாமல் நின்றால் அடுப்பு தணிந்துவிடும். மலையில் நடுங்காதவர் ரேஸ் மேட்டில் நடுங்குவது இதனால்தான்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நூறு மீற்றர் ஏறினால் அரைப் பாகைக்கு மேல் வெப்பம் குறையும். ஏப்ரலில் கொழும்பு வியர்க்கும்போது இங்கே பகலில் இருபது பாகை செல்சியஸ், விடியலில் பத்து, பன்னிரண்டு. ஜனவரியில் புல்லில் உறைபனி விழுகிறதே, அந்தக் குளிர் இல்லைதான். ஆனால் ஈரமும் காற்றும் சேர்ந்தால் பத்துப் பாகையும் ஆளைச் சாய்க்கும். ஏப்ரலில் பிற்பகலுக்கு மேல் இடி மழை அடிக்கடி வரும்.

பெரிய ஜாக்கெட் ஒன்று இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். உண்மையில் சூட்டைக் காப்பது துணியைவிடத் துணிகளுக்கு இடையில் அடைபட்டிருக்கும் காற்றுதான். தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று நல்லது. வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றலாம், பனி இறங்கினால் போடலாம். வியர்வையோ மழையோ பட்டு நனைந்த பருத்தி, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜீன்ஸ் அதிலும் மோசம். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும். அந்தக் காலத்தில் தோட்டங்களில் கம்பளி கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட கதை நம் பாட்டிமாருக்குத் தெரியும். கழித்தது வேறு விஷயம், கம்பளி நல்ல சாமான். எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஒன்று வேண்டும். மழைக் கோட்டு இல்லையென்றால் பொலித்தீன் விரிப்பும் உதவும், ஆனால் நடந்து ஏறும்போது போட்டால் உள்ளே வியர்த்து நனையும். மேட்டில் நின்ற பிறகு போடுங்கள்.

காசில்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. பிரான்சில் மலைப்பாதைச் சைக்கிள் போட்டிக்காரர்கள் இறக்கத்தில் வரும்போது மார்பில் பத்திரிகைத் தாளைச் செருகிக்கொள்வார்கள், காற்று உள்ளே போகாமல் இருக்க. நாமும் செய்யலாம். ஈர நிலத்தில் நிற்கும்போது காலுக்கடியில் ஒரு அட்டைப் பெட்டித் துண்டைப் போடுங்கள். இரண்டு மேஸ் போடுவதென்றால் சப்பாத்து இறுகக் கூடாது, இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் குளிரும். மாற்று உடுப்பு ஒரு செட்டைப் பையில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்.

குளிருக்கு ஒரு மடக்கு என்று ஆண்கள் சொல்வார்கள். சாராயம் தோலுக்கடியில் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் சூடு ஏறியதுபோலத் தோன்றும். அதே வழியாகத்தான் உள்ளிருக்கும் சூடு வெளியே போகிறது. குடித்தவர் குளிர்வதைத் தானே உணர மாட்டார். இதை வீட்டில் சொல்லிப் பாருங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

ஒருவருக்கு நடுக்கம் நிற்காமல் இருந்தால், அல்லது குளிர்ந்திருக்கும்போதே நடுக்கம் நின்று தூக்கமும் குழறலும் வந்தால் விளையாட்டல்ல. ஈரத்தை மாற்றி, மூடி, 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். கை காலைத் தேய்க்க வேண்டாம், நெருப்புக்குப் பக்கத்தில் இருத்தவும் வேண்டாம். ஜன்னலை மூடிய வேனுக்குள்ளோ காம்பராவுக்குள்ளோ கரிச் சட்டி வைப்பது உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து, ஒரு சிறுமி உட்பட 7 பேர் இறந்தார்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்காதீர்கள், மேட்டில் ஏறி நில்லுங்கள். தொப்பியையும் மப்ளரையும் காதை மூடிக் கட்டியிருந்தால் விசில் சத்தம் கேட்காது. பாதையோரம் நடக்கும்போது மட்டும் ஒரு காதைத் திறந்து வையுங்கள்.

வீடுகளுக்குப் போகும்போது படிவத்தில் எத்தனை கட்டில், எத்தனை நாற்காலி என்று எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம். அந்த நாளுக்குப் பிறகு நான் படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியையும் கேட்கிறேன்: இந்த வீட்டில் எத்தனை ஸ்வெட்டர், எது யாருடையது? பல வீடுகளில் அம்மாவுக்கென்று ஒன்றுமில்லை. கேட்டதும் சிரிக்கிறார்கள், பிறகு யோசிக்கிறார்கள்.

பிறகொரு சித்திரையில் அதே தாயை ரேஸ் மேட்டில் கண்டேன். நுவரெலியா பேல் பஜாரில் பேரம் பேசி வாங்கிய ஆம்பிளை ஜாக்கெட் ஒன்றைப் போட்டிருந்தார். சிப் அறுந்திருந்தது, அதற்குப் பதிலாக வெவ்வேறு நிறத்தில் நான்கு பொத்தான் தைத்திருந்தார். “காலையில அவரு கேட்டாருங்க மிஸ். நான் குடுக்கல” என்றார். கீழே வண்டிச் சத்தம் கேட்கவே, சின்னவனைத் தூக்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு பாதையைப் பார்த்துத் திரும்பினார்.