பெறுபேறு பிள்ளையுடையது, ஊருடையதல்ல



சாதாரண தரப் பெறுபேறு வந்தால் போதும், விடிவதற்குள் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் முழு வகுப்பின் பட்டியலும் வந்துவிடுகிறது. பெயர், சுட்டெண், ஒன்பது பாடங்களின் தரம். யாரிடம் கேட்டுப் போட்டீர்கள்?

"சந்தோசமான விசயம்தானே சேர்" என்கிறார்கள். 9ஏ எடுத்த பிள்ளைக்குச் சந்தோசம். அதே பட்டியலில் கணிதத்துக்கு டபிள்யூ எடுத்த பிள்ளைக்கு? அவள் திரும்ப எழுதிச் சித்தியடைவாள். ஆனால் கல்யாணப் பேச்சு வரும்போதும் அந்தப் படம் யாருடையவோ போனில் கிடக்கும்.

பரீட்சைத் திணைக்கள இணையத்தளத்தில் சுட்டெண்ணை அடித்தால் பெறுபேறு வரும். ஆகவே சுட்டெண்ணைப் பரப்புவதும் பெறுபேற்றைப் பரப்புவதும் ஒன்றுதான்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டிலும் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். பாடசாலைப் பதிவேடு நம்மிடம் தரப்பட்ட அமானிதம் இல்லையா?

அதிபர்மாரே, ஆசிரியர்மாரே, பாடசாலையின் பெருமைக்குச் சித்தி வீதம் போதும். ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிப் பாராட்டுவதென்றால் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள். குழும அட்மின்மாரே, பட்டியல் வந்தால் பகிராதீர்கள், உடனே அழித்துவிடுங்கள்.