அந்தச் சாவிக்கொத்தை ஏன் வாங்கினீர்கள், அண்ணாச்சி?

அப்பாவின் இடுப்பில் 31 வருஷம் கிடந்த கோயில் சாவிக்கொத்து அது. அசனப் பண்டிகைக்கு மறுநாள் வெஸ்ட்ரிக்குக் கூப்பிட்டு, "வயசாயிட்டுல்லா, இனி வீட்ல இரும்" என்று சொல்லிக் கையை நீட்டினீர்கள். கடிதம் இல்லை, விசாரணை இல்லை. பெரிய கதவின் சாவி அவர் கட்டைவிரல் பட்டுப் பட்டே ஒரு பக்கம் வழவழத்துப் போயிருந்தது. அதை உங்கள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அவர் செய்த குற்றம் என்ன? சேகரத் தேர்தலுக்கு முந்தின ராத்திரி, வாக்காளர் பட்டியல் இருந்த பீரோவை உங்கள் அணிக்காக அவர் திறந்துவிடவில்லை. "ஐயர் வராம தொறக்க மாட்டேன்யா" என்றார். அவ்வளவுதான்.

நான் வாயைத் திறந்தால் போதும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் ஓடி வருகிறார்கள். "மன்னிச்சிரு மக்கா, கர்த்தர் பாத்துக்கிடுவாரு." அடித்தவனிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் நா எழவில்லை. அடிபட்டவளுக்கு மட்டும் எத்தனை வேதபாடம்! மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர்தான், பிரதான ஆசாரியன் முன்னால் சேவகன் ஒருவன் அறைந்தபோது, நான் பேசியதில் தப்பிருந்தால் காட்டு, இல்லையென்றால் ஏன் அடித்தாய் என்று கேட்டார். யோவான் 18-ஆம் அதிகாரம். திருப்பி அடிக்கவும் இல்லை, கேட்காமல் விடவும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் நான் நிற்கிறேன்.

என் கோபம் சுத்தமானது என்று சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டுக் கல்யாணம் நின்றுபோக வேண்டும் என்று ஒரு ராத்திரி நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் உடம்பு நடுங்கியது. பேதுரு வாளை உருவி மல்குஸின் காதை வெட்டியதும் இப்படி ஒரு ராத்திரியில்தானே. எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு 109-ஆம் சங்கீதத்தை உரக்க வாசித்தேன். சபிக்கிற சங்கீதம் என்று கோயிலில் அதை யாரும் வாசிப்பதில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது. உங்கள் வாசலில் கொட்ட இருந்த நெருப்பை எல்லாம் கர்த்தர் காதில் கொட்டினேன். விடியும்போது உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மேல் இருந்த வெறுப்பு போயிருந்தது. கேள்வி போகவில்லை.

நம் திருச்சபை எப்படிப் பிறந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1947 செப்டம்பர் 27-ல் சென்னைப் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஐக்கிய சபை என்று வேறு வேறாக இருந்தவர்கள் ஒரே திருச்சபையாகக் கூடினார்கள். அந்தத் திருச்சபையின் பிள்ளைகள் இன்றைக்கு அணி பிரிந்து, ஒரே பெஞ்சில் உட்கார மாட்டோம் என்கிறார்கள். நம் திருமண்டலத் தேர்தல்களை நடத்தித் தர ஓய்வுபெற்ற நீதிபதிகளை உயர்நீதிமன்றம் அனுப்ப வேண்டிய நிலை வந்துவிட்டது. யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் இப்படித்தான் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று நாற்காலி கேட்டார்கள். மற்ற பத்துப் பேருக்கு வந்த எரிச்சலும் அந்த நாற்காலிக்காகத்தான் என்று நினைக்கிறேன். அவர் அவர்களைக் கூப்பிட்டு ஊழியக்காரன் வேலையைக் காட்டினார். நம் கோயிலில் அந்த வேலையைச் செய்தவர் என் அப்பா. பெருக்கியவர், மணி அடித்தவர், திருவிருந்துப் பாத்திரம் கழுவியவர்.

ஒப்புரவாக வேண்டும் என்று என்னிடம் ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். மத்தேயு 5-ஐ நீங்களே எடுத்துப் படியுங்கள், அண்ணாச்சி. பலிபீடத்தண்டை காணிக்கையை வைத்துவிட்டுப் போகச் சொன்னது யாரை? தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவு வருகிறவனை. குறை எங்களுக்கு உண்டு. எழுந்து வர வேண்டியவர் நீங்கள். எங்கள் வீடு கோயிலுக்குப் பின்தெருவில்தான் இருக்கிறது.

வராவிட்டாலும் நான் கோயிலை விட்டுப் போக மாட்டேன். அடுத்த திருவிருந்தில் சமாதானம் கொடுக்கிற நேரம் என் கைகளை நீட்டுவேன். உங்கள் கை என் கைக்குள் இருக்கும்போதே, அடுத்த பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி கேட்பேன்: எங்க அப்பா மேல என்ன குத்தம் கண்டீங்க?

அப்பா இன்னும் ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு எழுந்து சட்டை போட்டுக்கொள்கிறார். முதல் மணி அடிக்கிறவரை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் மணி பத்து நிமிஷம் பிந்தியது. அவருடைய வலது கை மடியில் இருந்தபடியே கயிறு இழுக்கிற மாதிரி இரண்டு தடவை அசைந்தது.