சாக்பீஸால் அடித்த உறுப்பு

துகள் இயற்பியலில் பிஎச்.டி. சேர்ந்தவர்களில் சார்பியல் குவாண்டம் புலக் கோட்பாட்டை எடுக்காமல் தப்பிக்கிறவர்கள் குறைவு. நிம்மதியாகப் படித்து முடித்தவர்கள் அதைவிடக் குறைவு. பெஸ்கினும் ஷ்ரோடரும் 1995இல் எழுதிய 800 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம்தான் பல ஊர்களில் பாடநூல். கணக்கு கடினம், மறுக்கவில்லை. ஆனால் பலருக்கு மனம் விட்டுப்போவது கணக்கினால் அல்ல, தொடக்கத்திலேயே வரும் ஒரு வரியினால் என்பது என் எண்ணம்.

ஒரு எலக்ட்ரானை மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவான இடத்தில் அடைக்கப் பார்த்தால் என்ன ஆகும்? நிச்சயமின்மை விதிப்படி ஆற்றல் எகிறும். ஆற்றல் பொருளாகலாம் என்று சார்பியல் சொல்வதால், அங்கே புதிதாக ஒரு எலக்ட்ரான், ஒரு பாசிட்ரான் பிறந்துவிடலாம். உள்ளே இருப்பது ஒன்றா மூன்றா என்றே சொல்ல முடியாது. எனவே துகளை விட்டு, வெளியெங்கும் பரவிய புலத்தைப் பிடித்துக்கொள்கிறோம். புலம் என்பது எண்ணற்ற அலைவுகளின் தொகுப்பு. ஒவ்வொரு அலைவும் சும்மா இருக்கும்போதுகூடக் கொஞ்சம் ஆற்றலை வைத்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் வெற்றிடத்தின் ஆற்றல் முடிவிலி என்று வருகிறது.

உடனே ஆசிரியர் சாக்பீஸால் அந்த உறுப்பின் மேல் ஒரு கோடு போடுவார். “ஆற்றல் வித்தியாசத்தைத்தானே அளக்கிறோம், இது வேண்டாம்” என்று அடுத்த வரிக்குப் போய்விடுவார். எனக்கு நடத்தியவரும் அதைத்தான் செய்தார். நாங்களும் நோட்டில் அடித்துக்கொண்டோம். அந்த விளக்கம் தப்பில்லை, அரைகுறை. ஈர்ப்பு விசைக்கு வித்தியாசம் மட்டும் போதாது, மொத்த ஆற்றலும் கணக்கு. ஏதோ ஒரு வரம்பு வைத்து வெற்றிட ஆற்றலைக் கணக்கிட்டால், பிரபஞ்சத்தின் விரிவிலிருந்து தெரியவரும் அளவைவிட அது கற்பனைக்கு எட்டாத மடங்கு பெரிதாக வருகிறது. காரணம் இன்றுவரை யாருக்கும் தெரியாது. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொல்லாமல் விடுவதால், சந்தேகம் வந்த மாணவர் தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று வாயை மூடிக்கொள்கிறார். மின்காந்தப் புலத்தை 1927இல் குவாண்டம் முறைக்குள் கொண்டுவந்து இந்தத் துறைக்கே பிள்ளையார் சுழி போட்ட டிராக், முடிவிலிகளைக் கழித்துச் சமாளிக்கும் ரீநார்மலைசேஷனைக் கடைசிவரை ஏற்கவில்லை என்பதையும் கூடவே சொல்லலாம்.

அப்படியானால் கழிப்பது வெறும் கண்கட்டு வித்தையா? 1947 ஜூனில் நியூயார்க் அருகே ஷெல்டர் தீவில் ஒரு சிறு மாநாடு கூடியது. ஹைட்ரஜனில் டிராக்கின் சமன்பாட்டின்படி ஒரே ஆற்றலில் இருக்க வேண்டிய இரண்டு நிலைகளுக்கு இடையே சுமார் 1000 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருப்பதாக வில்லிஸ் லாம்ப் அங்கே தெரிவித்தார். மாநாடு முடிந்து ஸ்கெனெக்டடிக்கு ரயில் ஏறிய ஹான்ஸ் பேத்தே, பயணத்திலேயே கணக்கைப் போட ஆரம்பித்தார். நெய்யை டப்பாவோடு நிறுத்து டப்பா எடையைக் கடைக்காரர் கழிப்பாரே, அதே யோசனைதான். இங்கே டப்பாவும் முடிவிலி, மொத்தமும் முடிவிலி! அணுவில் கட்டுண்ட எலக்ட்ரானின் ஆற்றலிலிருந்து தனித்துத் திரியும் எலக்ட்ரானின் ஆற்றலைக் கழித்தார். அப்புறமும் மிஞ்சிய முடிவிலியை எலக்ட்ரானின் நிறைக்குரிய ஆற்றலோடு வெட்டி நிறுத்தினார். விடை 1040 மெகாஹெர்ட்ஸ். சார்பியலை முறையாகச் சேர்க்காத கணக்கு அது, துணிச்சல்தான்.

முறையாகச் சேர்த்தவர்களில் ஒருவர் ஷ்விங்கர். எலக்ட்ரானின் காந்தத் திறன் டிராக் சொன்னதைவிடச் சற்றுக் கூடுதல் என்று 1948இல் காட்டினார். நுண்கட்டமைப்பு மாறிலியை 2πயால் வகுத்தால் வருவதுதான் அந்தக் கூடுதல். மாசசூசெட்ஸில் அவருடைய கல்லறைக் கல்லிலும் அதையே பொறித்திருக்கிறார்கள். படிப்படியாகத் திருத்திக்கொண்டே போகும் இந்தக் கணக்கின் முதல் படிக்கு வரைய வேண்டிய ஃபெய்ன்மன் வரைபடம் ஒன்றே ஒன்று. ஐந்தாம் படிக்கு 12,672. கினோஷிடாவும் சக ஜப்பானியரும் அத்தனையையும் கணக்கிட்டு 2012இல் வெளியிட்டார்கள். கோட்பாடும் அளவீடும் 12 இலக்கம் வரை ஒத்துப்போகின்றன. இப்படி ஒத்துப்போகும் இன்னொன்றை இயற்பியலில் காட்டுவது கஷ்டம்.

ஆகவே இந்த செமஸ்டரில் பாடத்தை எடுத்திருக்கும் தம்பி, தங்கைகளே, அடித்த உறுப்பு உறுத்தினால் உறுத்தட்டும், நடுவில் விட்டுவிடாதீர்கள். பெஸ்கின் புத்தகத்தின் ஆறாம் அத்தியாயம் வரை வாருங்கள். ஷ்விங்கரின் கணக்கு அங்கே இருக்கிறது. முடிவிலி வேறொரு உறுப்பில் ஒதுங்கிவிடும், நமக்கு வேண்டிய உறுப்பு ஒழுங்காக முடியும். ஒருமுறை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, சில தாள்கள் ஆனாலும் சரி, கையால் போட்டுப் பாருங்கள். விடை 0.00116 வர வேண்டும்.