தூர்வாருவதற்கு முன் ஒரு கேள்வி

கோடை வந்தால் ஏரியைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுக்கிறோம். தூர் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்பதில்லை. வண்டல் வரும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் தூர்வாருவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்ட கதைதான்.

எங்க முத்தாபுதுப்பேட்டையைச் சுற்றிப் பாருங்க. ஆவடி, பூந்தமல்லி வரைக்கும் வயலாக இருந்த இடமெல்லாம் மனைப்பிரிவு. புல்கூட இல்லாமல் கிடக்கும் மனைகள், செங்கல் சூளைக்கு வெட்டிய குழிகள், சவுடு லாரி ஓடும் தடங்கள், சரிந்துபோன வரத்துக்கால் கரைகள். நடுவுல மிச்சமிருக்கிற நம்ம உழவு நிலம். ஐப்பசி மழையில் எல்லா இடத்திலிருந்தும் கலங்கல் தண்ணி ஓடுது. ஏரிக்குள்ள போனதும் எல்லாம் ஒரே சேறு. 'விவசாயி உழுதுதான் ஏரி தூர்ந்துச்சு' என்று அவர்கள் சொல்கிறார்கள். 'எல்லாம் ரியல் எஸ்டேட்காரன் வேலை' என்று நாம் சொல்கிறோம். ரெண்டு பேச்சுக்கும் ஆதாரம் கிடையாது.

ஆதாரம் தேட வழி இருக்கிறது. 1950, 60-களில் வல்லரசுகள் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளில் கிளம்பிய சீசியம்-137, மழையோடு இறங்கி உலகமெங்கும் மேல்மண்ணின் களித்துகள்களில் ஒட்டிக்கொண்டது. கரைக்குள்ளும் ஓடைப் பள்ளத்தின் ஆழத்திலும் இருக்கும் அடிமண்ணில் அது அநேகமாக இல்லை. ஆகவே வண்டலைச் சோதித்தால் அது வயலின் மேல்மண்ணா, இடிந்த கரையின் மண்ணா என்று பிரிக்கலாம். அந்தச் சீசியம் சுமார் 30 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் ஆரம்பத்திலேயே குறைவாகத்தான் விழுந்தது. அதனால் மண்ணின் நிறம், உலோக அளவு, காந்தத் தன்மை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் பர்டெகின் ஆற்றில் இப்படித் தேடினார்கள். அந்த ஆற்று வண்டல் கடலில் பவளப்பாறைகளை மூடிக்கொண்டிருந்தது. மேய்ச்சல் நிலத்தின் மேல்மண் கரைவதுதான் காரணம் என்று நினைத்திருந்தார்கள். சோதனையில் பெரும்பகுதி அடிமண் என்று தெரிந்தது. அதாவது ஓடை அரிப்பும் கரைச் சரிவும். அதன் பிறகு அரித்த ஓடைகளைச் சீர்செய்வதில் பணம் போட ஆரம்பித்தார்கள்.

இயற்கை உழவர்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. ஏரி வண்டலை நாம் எருவாக வயலில் கொட்டுகிறோம். அது மேட்டு வயலின் மண் என்றால் நம் சொத்து திரும்பி வருகிறது. தொழிற்பேட்டைக் கழிவும் சாக்கடையும் கலக்கும் கால்வாய் வழியாக வந்த வண்டல் என்றால், ஈயமும் குரோமியமும் கூடவே வரலாம். ரசாயன உரத்தை நிறுத்திவிட்டு அதைக் கொண்டுவந்து கொட்டினால் என்ன பயன்?

ஆய்வுக்கூடம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த பெருமழையில் நாலு பேர் சேர்ந்து, வரத்துக்கால்கள் கூடும் இடங்களில் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு லிட்டர் பாட்டில் தண்ணீர் பிடியுங்கள். கொஞ்சம் படிகாரம் போட்டுத் தெளியவிட்டு, அடியில் படிந்த மண்ணை ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். கால்வாயில் ஓடும் நீரின் அகலத்தையும் ஆழத்தையும் குறியுங்கள். தண்ணீர் அதிகமாக ஓடும் கால்வாயில் கலங்கல் குறைவாக இருந்தாலும் மொத்த மண் அதிகமாக வரலாம். வயல், கரை, மனை மண்ணை எடுத்துக் காயவைத்து, படிந்த மண்ணோடு நிறம் பாருங்கள். இது முடிவான சான்று ஆகாது. ஆனால் எந்தக் கால்வாயில் மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்று காட்டிவிடும்.

நம் வயல்தான் காரணம் என்று வந்தால் ஒத்துக்கொள்வோம்: வரப்பை உயர்த்துவோம், மூடாக்குப் போடுவோம், ஓரத்தில் வெட்டிவேர் நடுவோம். கரை சரிவு என்றால் நீர்வளத்துறைக்காரர்களிடம் கேட்போம். மனை என்றால் அனுமதி கொடுத்தவர்களிடம் கேட்போம். இனி தூர்வார ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, மண் எங்கிருந்து வந்தது என்று வேளாண் பல்கலைக்கழகமோ அண்ணா பல்கலைக்கழகமோ சோதித்துச் சொல்வதற்கு ஒதுக்க வேண்டும். அடுத்த மனுவில் இந்த வரியையும் சேர்த்து எழுதுவோம்.