ஊதச் சொல்லும் கருவிக்கும் முத்திரை வேண்டும்

காஞ்சிபுரம், தென்னேரி, வாலாஜாபாத் பக்கம் பட்டு நெய்கிற வீடுகளில் எடை போடாமல் எதுவும் கைமாறாது. பட்டு நூலும் ஜரிகையும் வாங்கும்போது எடை. நெய்து முடித்துச் சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதும் எடை. இரண்டுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் கூலியில் கை வைத்துவிடுவார்கள். அதனால் தராசின் மேல் எல்லோருக்கும் ஒரு கண் இருக்கும்.

அந்தத் தராசுக்குச் சட்டமும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, எலக்ட்ரானிக் தராசை 12 மாதத்துக்கு ஒருமுறை சோதித்து முத்திரை வைக்க வேண்டும். மளிகைக் கடை, ரேஷன் கடை, நகைக் கடை எல்லாவற்றுக்கும் இதுதான் விதி. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை ஆட்கள் வந்து பார்ப்பார்கள். முத்திரை இல்லாத தராசில் எடை போட்டால் கடைக்காரர் மாட்டிக்கொள்வார்.

அதே நெசவாளரின் மகன் ராத்திரி பைக்கில் வரும்போது போலீஸ் நிறுத்தி, ஒரு கருவியை வாயருகே நீட்டி ஊதச் சொல்கிறது. திரையில் ஒரு எண் தெரிகிறது. அந்த எண் 30ஐத் தாண்டினால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அரை கிலோ துவரம் பருப்பை நிறுக்கும் தராசைப் பற்றிக் கேட்கிற ஊரில், ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய இந்தக் கருவியைக் கடைசியாக யார் சோதித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

"குடிகாரனுக்கு வக்காலத்தா?"

இந்தக் கேள்வி முதலில் வரும். எனவே பதிலையும் முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் எல்லாமே குடியால் வந்தது இல்லை. ஆனால் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவன் தன் உயிரோடு மட்டும் விளையாடுவதில்லை, எதிரில் வருகிறவன் உயிரோடும் விளையாடுகிறான். அவனுக்குத் தண்டனை கிடைக்கத்தான் வேண்டும். அந்தத் தண்டனை கோர்ட்டில் நிற்க வேண்டுமானால் அதற்கு ஆதாரமான எண் சரியாக இருக்க வேண்டும். குடிக்காதவன் மாட்டுவது, குடித்தவன் தப்பிப்பது என்ற இரண்டு அநியாயத்துக்கும் மூலகாரணம் ஒன்றேதான்: சரிபார்க்கப்படாத எண்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 185வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். இந்த 30 என்ற அளவு 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. முதல் தடவைக்கு 2,000 ரூபாய் வரை என்று இருந்த அபராதம் 2019 செப்டம்பர் முதல் 10,000 ரூபாய் ஆனது. மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய் அபராதமோ, 2 வருடம் வரை சிறையோ, இரண்டுமோ.

203வது பிரிவு ஊதும் சோதனையைப் பற்றியது. இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கருவி மத்திய அரசு கெஜட்டில் அறிவித்து ஒப்புதல் தந்த வகையாக இருக்க வேண்டும். இரண்டு, கைது செய்யப்பட்டவருக்குக் காவல் நிலையத்தில் மறுபடி ஊதிக் காட்ட ஒரு வாய்ப்புத் தர வேண்டும். இந்த இரண்டாவது விஷயம் எத்தனை பேருக்குத் தெரியும்?

204வது பிரிவு ரத்தப் பரிசோதனை பற்றியது. 202வது பிரிவோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. 185இல் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் காவலில் இருந்து விட்டுவிட வேண்டும் என்கிறது. ஆக, ஒரே ஒரு ஊதலை வைத்துக் கதையை முடித்துவிடக் கூடாது என்று சட்டம் எழுதியவர்களே நினைத்திருக்கிறார்கள்.

ஊத மறுத்தால் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்லிக் கொடுப்பார்கள். அதை நம்ப வேண்டாம். மறுத்தவரைக் கைது செய்யலாம். தகுந்த காரணம் இல்லாத மறுப்பை அவருக்கு எதிராகவே எடுத்துக்கொள்ள 205வது பிரிவு இடம் கொடுக்கிறது.

கருவி போடும் கணக்கு

கருவி ரத்தத்தைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது மூச்சை. மூச்சில் இருக்கும் ஆல்கஹாலை அளந்து, அதை 2100ஆல் பெருக்கி "ரத்தத்தில் இவ்வளவு" என்று சொல்கிறது. அமெரிக்காவின் இண்டியானாவில் ராபர்ட் போர்கென்ஸ்டைன் 1954இல் பிரீத்தலைசர் செய்த காலம் முதல் பெரும்பாலும் இந்த 2100தான். ஆனால் இது ஒரு பொதுக் கணக்கு. உண்மையான விகிதம் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கே நேரத்துக்கு நேரம் மாறும். காய்ச்சலில் உடம்பு சுட்டால் மூச்சில் வரும் அளவு கூடும்.

ஒரு சின்னக் கணக்கு. கருவி 33 காட்டுகிறது. ஊதியவரின் உண்மை விகிதம் 1800 என்றால் அவர் ரத்தத்தில் இருப்பது 28தான். அவர் குற்றவாளியே இல்லை. இன்னொருவருக்குக் கருவி 28 காட்டுகிறது. அவர் விகிதம் 2400 என்றால் ரத்தத்தில் 32 இருக்கிறது. அவர் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்! 150, 200 என்று காட்டும் ஆளுக்கு இந்த வித்தியாசம் எந்த உதவியும் செய்யாது. எல்லைக்கோட்டுக்கு அருகில் நிற்பவருக்குத்தான் இது வாழ்க்கைப் பிரச்சனை.

அடுத்தது வாயில் இருக்கும் ஆல்கஹால். கருவிக்குத் தேவை நுரையீரலின் அடியில் இருந்து வரும் மூச்சு. வாய் கொப்புளிக்கும் மருந்து, ஆல்கஹால் கலந்த ஹோமியோபதி சொட்டு மருந்து, தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள் எல்லாம் கொஞ்ச நேரம் வாயிலேயே தங்கி எண்ணை ஏற்றிவிடும். 15 நிமிடம் காத்திருந்து மறுபடி ஊதினால் அது அடங்கிவிடும். அதனால்தான் பல நாடுகளில் காத்திருக்கும் நேரத்தை விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

இதற்குப் பக்கத்து மாநிலத்தில் ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. 2025 ஜூலையில் கேரளாவில் பந்தளம் அரசு பஸ் டிப்போவில், வேலைக்கு முன் ஊதிய சில ஊழியர்களுக்குக் கருவி ஆல்கஹால் காட்டியது. யாரும் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். கடைசியில் காரணம் பலாச்சுளை! பூஜ்யம் காட்டிய ஒருவரைச் சுளை சாப்பிடச் சொல்லி மறுபடி ஊதவிட்டார்கள், எண் ஏறியது. அது 30ஐ எட்டவில்லை என்பது உண்மை. ஆனால் வேலைக்கு வருகிறவர் பூஜ்யம்தான் காட்ட வேண்டும் என்ற இடத்தில் சின்ன எண்ணும் சோற்றில் மண் போடும்.

கருவியே பழுதாக இருந்தால்?

2023 ஜனவரியில் சென்னையில் இரவுச் சோதனையின்போது, கார் ஓட்டி வந்த ஒருவரை ஊதச் சொன்னார்கள். கருவி 45 காட்டியது. குடிக்கவே இல்லை என்று அவர் விடாமல் வாதாடினார். வேறொரு கருவியில் ஊதினார். பூஜ்யம்! அவர் விடாப்பிடியாக நின்றார், இரண்டாவது கருவியும் கிடைத்தது, அதனால் தப்பித்தார். பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த 45 கோர்ட்டில் உண்மையாகவே ஆகியிருக்கும்.

கோர்ட்டுகள் இதைக் கவனிக்காமல் இல்லை. ஊதுவதற்கு முன் கருவி வெறும் காற்றில் 0.000 காட்ட வேண்டும், அப்படிக் காட்டாத கருவியின் முடிவை நம்ப முடியாது என்று 2025இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் 185வது பிரிவுக் குற்றச்சாட்டை ரத்து செய்தது. அதே வருடம் தெலங்கானா உயர் நீதிமன்றம், ரத்தம் சிறுநீர் எதுவும் சோதிக்காமல் ஊதும் கருவியை மட்டும் நம்பி ஒரு அரசு பஸ் டிரைவரை வேலையில் இருந்து நீக்கியது செல்லாது என்றது.

கடல் தாண்டிப் பார்த்தாலும் இதே கதைதான். அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில், கருவிகளைச் சரிசெய்யும் வேலையில் இருந்த ஒரு போலீஸ் அதிகாரி வெப்பநிலையைச் சோதிக்கும் ஒரு படியைச் செய்யாமல் விட்டார். அதனால் 20,000க்கும் மேற்பட்டவர்களின் சோதனை முடிவுகள் சந்தேகத்துக்கு ஆளாயின. அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2018இல் அவை ஆதாரமாகாது என்று தீர்ப்பளித்தது. மாசசூசெட்ஸில் 2023இல் வந்த தீர்ப்பால் பாதிக்கப்பட்ட வழக்குகள் சுமார் 27,000. ஒரு தெர்மாமீட்டரைச் சரியாகப் பார்க்காததற்கு இவ்வளவு பெரிய விலை!

ஏன் யாரும் எதிர்ப்பதில்லை?

இது எளிய லாப நஷ்டக் கணக்கு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேன் ஓட்டுகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் அபராதம் கட்டிவிட்டு வண்டியை எடுத்து வரலாம். வழக்கு நடத்தினால் வக்கீல் ஃபீஸ், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலி, போக வர பஸ் செலவு. ஜெயித்தாலும் செலவான பணம் திரும்பாது. எனவே குடிக்காதவரும் "போய்த் தொலையட்டும்" என்று ஒப்புக்கொண்டு வந்துவிடுவார்.

ஆனால் அவர் கட்டியது அபராதம் மட்டும் இல்லை. அது பதிவேட்டில் முதல் குற்றமாக நிற்கும். அடுத்த தடவை 2 வருடம் வரை சிறை என்ற வாசல் திறந்துவிடுகிறது. லைசென்ஸைக் குறைந்தது 3 மாதம் நிறுத்தி வைக்கச் சொல்லி 2015இல் உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு உத்தரவிட்டது. லைசென்ஸ்தான் ஒரு டிரைவருக்குத் தறி. தறியைக் கழற்றி வைத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

இது பணக்காரர்கள் தப்பிக்கிற ஓட்டை இல்லையா?

நியாயமான கேள்வி. 2002இல் மும்பை பாந்த்ராவில் நடந்த கார் விபத்து வழக்கில் நடிகர் சல்மான் கான் 2015 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். ரத்த மாதிரி பத்திரமாக வைக்கப்பட்டதா, ஒழுங்காக ஆய்வகத்துக்குப் போனதா என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் அந்த ஓட்டையைப் போட்டது யார்? நடைமுறையை ஒழுங்காகப் பின்பற்றாதவர்கள். கணக்குப் புத்தகத்தில் பதிவு இருந்து வவுச்சர் இல்லாவிட்டால் எந்த ஆடிட்டரும் அதை ஏற்க மாட்டார். வவுச்சர் கேட்ட ஆடிட்டர் மேல் கோபப்படுவதில் அர்த்தம் இல்லை. வவுச்சர் இல்லாத சோதனையில், நல்ல வக்கீல் வைக்க முடிந்தவர் வெளியே வருகிறார், முடியாதவர் அபராதம் கட்டுகிறார். சோதனை முறை உறுதியானால் பணக்காரருக்கும் அந்த ஓட்டை அடைபடும், ஏழைக்கும் நியாயம் கிடைக்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹால் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் குறையும். இரண்டு மணி நேரம் இழுத்தடித்தால் 50 இருந்தவர் 20க்கு வந்துவிடுவார். ஆகவே எந்த மறுசோதனையும் உடனடியாக நடக்க வேண்டும். தாமதம் உண்மைக்கும் எதிரி, பொய்க்கும் நண்பன்.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு கருவியிலும் கடைசியாகச் சோதித்த தேதி, அடுத்துச் சோதிக்க வேண்டிய தேதி வெளியே தெரியும்படி ஒட்டியிருக்க வேண்டும், தராசில் இருப்பதுபோல. ஊதும் கருவிகளையும் சட்டமுறை எடையளவு விதிகளுக்குள் கொண்டுவந்து, சோதித்து முத்திரை வைக்க, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2025இல் வரைவு விதிகளை வெளியிட்டது. நல்ல காரியம். அது காகிதத்தோடு நின்றுவிடாமல் கடைசிச் செக்போஸ்ட் வரை வந்து சேர வேண்டும்.

அடுத்து, முதலில் வெறும் காற்றில் பூஜ்யம், பிறகு ஒரு ஊதல், 15 நிமிடம் கழித்து இன்னொரு ஊதல், மூன்றுக்கும் அச்சிட்ட சீட்டு. அதில் ஒரு பிரதி ஓட்டுநர் கையில். பெட்ரோல் பங்க்கில் கூட ரசீது தருகிறார்கள்!

மூன்றாவது, ரத்தப் பரிசோதனை. 204வது பிரிவின்படி போலீஸ் கேட்டால் ஓட்டுநர் ரத்தம் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் கேட்டால் போலீஸ் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று அதில் வெளிப்படையாக இல்லை. அந்த உரிமையை எழுதிச் சேர்க்க வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு அதுதான் ஒரே பாதுகாப்பு.

அதுவரை, ஓட்டுநர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சண்டை போடாமல், மரியாதையாக, அந்த இடத்திலேயே கேட்பது. "சார், மெஷின் முதலில் ஜீரோ காட்டுதா பாருங்க. வாயைக் கொப்புளிச்சுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை ஊதுறேன். சீட்டு ஒண்ணு குடுங்க." சாப்பிட்ட மருந்தின் பெயரையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். மறுநாள் கோர்ட்டில் சொன்னால் அது கட்டுக்கதையாகத்தான் தெரியும்.

குடித்திருந்தால் இது எதுவும் உதவாது. உதவவும் கூடாது. அன்றைக்கு வண்டியை வைத்துவிட்டு பஸ்ஸில் போவதுதான் ஒரே வழி. ஆனால் குடிக்காத ஒருவன் ஒரு பழுதான கருவியின் முன் தனியாக நிற்கும்போது, "இதை யார் சோதித்தது?" என்று கேட்க அவனுக்கு உரிமை இருக்க வேண்டும். பருப்பு வாங்குகிறவருக்கு இருக்கிற உரிமைதானே அது?