பரிவட்டம் யாருக்கு?

பெரியப்பா ஊரிலிருந்து தாராவிக்கு வந்திருந்தார். வந்தவர் இரண்டு நாள் ரயில் கூட்டத்தைப் பற்றியும் மழையைப் பற்றியுமே பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் இரவு, சாப்பிட்டுக் கை கழுவியபின் விஷயத்துக்கு வந்தார். எங்கள் ஊர் அம்மன் கொடையில் முதல் பரிவட்டம் எங்கள் வீட்டுக்கு. பாட்டனாருக்குப் பிறகு பெரியப்பா கட்டிக்கொள்கிறார். "எனக்குப் பொறவு நீதாம்ல" என்றார் என்னைப் பார்த்து.

அன்பர்களே, பொய் சொல்லமாட்டேன். மனம் ஒரு கணம் குளிர்ந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் வளர்ந்தவனுக்கு, எங்கேயோ ஓர் ஊர் தலைப்பாகையோடு காத்திருக்கிறது என்றால் குளிராதா? அடுத்த கணமே அக்காவின் நினைவு வந்தது. பெரியப்பாவுக்கு ஒரே மகள். பாட்டனார் படுக்கையில் கிடந்தபோது பார்த்தவள் அவள். கொடைக்கு வரி பிரித்து, கணக்கெழுதி, மேளத்துக்கு முன்பணம் கொடுப்பவளும் அவளே. எனக்கோ கோயிலுக்கு எந்தத் தெருவில் திரும்பவேண்டும் என்பதே ஐயம். ஆயினும் வாரிசு நானாம்!

நான் படிப்பது உயிரியல். பாட்டனாரின் மரபணுக்களில் சராசரியாகக் கால்பங்கு என்னிடம் இருக்கிறது. அக்காவிடமும் அதே கால்பங்குதான். அவளிடம் இருக்கவே வழியில்லாமல் என்னிடம் இருப்பது பாட்டனாரின் ஒய் குரோமோசோம் ஒன்றே. மனிதனிடம் புரதத்தை உண்டாக்கும் மரபணுக்கள் சுமார் 20,000 என்றால், அதில் ஒய் குரோமோசோமில் இருப்பவை ஏறத்தாழ நூறு. பிள்ளை ஆணாகப் பிறக்க அது வேண்டும். வரிக் கணக்கு எழுத வேண்டியதில்லை.

இரத்தம், இரத்தம் என்கிறோமே, பட்டங்களின் சரித்திரத்தைப் புரட்டினால் இரத்தம் அங்கே படும் பாடு வேடிக்கையாக இருக்கிறது. புதுக்கோட்டையைப் பாருங்கள். இராமச்சந்திர தொண்டைமான் தம் மகள் வயிற்றுப் பேரனைச் சுவீகாரம் எடுத்தார். 1886இல் அவர் மறைந்ததும் அந்தப் பேரனே மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் என்று அரசரானார். மகள் வழியே வந்த பட்டம் என்று யாரும் குறை கூறியதாகத் தெரியவில்லை. அந்த மார்த்தாண்ட பைரவர் 1915இல் ஆஸ்திரேலியாவில் மாலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்தார். 1916இல் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பன் வழி, மூத்த மகன், ஒரே மகன், ஒய் குரோமோசோமும் சரியாகவே இருந்தது! ஆனால் பிரிட்டிஷ் அரசு அத்திருமணத்தை ஏற்கவில்லை. 1928இல் அரசர் பாரிஸில் இறந்தபோது அந்தச் சிறுவனுக்குப் பதினோரு வயது. பட்டம் அவனுக்கு வரவில்லை. தொண்டைமான் குடும்பத்தின் வேறு கிளையைச் சேர்ந்த ஆறு வயது இராஜகோபாலருக்குச் சென்றது. ஒரு தலைமுறையில் தாய் வழியே பட்டம் வந்தது. மறு தலைமுறையில் தாயின் பொருட்டே பட்டம் போனது. இதில் இரத்தம் எங்கே தீர்ப்பளித்தது? வேண்டியவர்கள் வேண்டியபடி தீர்ப்பளித்தார்கள். இரத்தத்தைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டார்கள், அவ்வளவே. இருபதாண்டுகளில், 1948 மார்ச் 3ஆம் நாள், சமஸ்தானமே சென்னை மாகாணத்தோடு இணைந்துவிட்டது.

சிவகங்கை வழக்கு இன்னும் சுவையானது. ஜமீன்தார் கௌரி வல்லப உடையத் தேவர் 1829இல் ஆண்மகன் இல்லாமல் இறந்தார். ஜமீன் அண்ணன் மகன் கைக்குப் போயிற்று. எங்கள் வீட்டுக் கதையேதான், அண்ணன் தம்பி மட்டும் இடம் மாறியிருக்கிறது. மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. ஊர் வாய்க்கு அஞ்சி ஒதுங்காமல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு நடந்தது. 1863இல் நாச்சியார் வென்றார். எதனால் வென்றார் என்பதைக் கவனிக்கவேண்டும். பெண்ணும் வாரிசே என்ற பெருந்தன்மையால் அல்ல. ஜமீன் பூர்விகச் சொத்தன்று, தேவர் தாமே அடைந்த தனிச்சொத்து. ஆகையால் மகளுக்கு என்றார்கள். பூர்விகம் என்றால் அண்ணன் மகனுக்கு!

அந்தக் கணக்கையும் நம் நாட்டில் சட்டம் பிறகு மாற்றிவிட்டது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் செய்தது. 2005இல் அது இந்தியா முழுமைக்கும் வந்தது. ஆக, எங்கள் பனங்காட்டில் அக்காவுக்குள்ள பங்கை எவரும் மறுக்க முடியாது. முக்கால் முழத் துணிக்கு மட்டும் அவள் ஆகாதவள்.

"அதெல்லாம் வழக்கமில்லை" என்றார் பெரியப்பா. வழக்கத்தைக் கட்டிக் காப்பதில் நம்மவர்களுக்குச் சளைக்காதவர்கள் ஸ்காட்லாந்துக் குலத்தார். கோட்டை, கொடி, குலத்துக்கொரு கட்டம் போட்ட துணி என்று இன்றும் போற்றுகிறார்கள். அங்கே மக்லவுட் குலத்தின் தலைமை 1935இல் தகப்பனுக்குப் பின் ஃபுளோரா என்ற மகளிடம் வந்தது. 1976இல் அந்த அம்மையார் இறக்கும்வரை அவரே தலைவர். அவருக்குப் பின் மகள் வயிற்றுப் பேரன் குலப்பெயரைச் சூட்டிக்கொண்டு தலைவரானார். டன்வெகன் கோட்டை இடிந்து விழவில்லை.

பட்டமே வேண்டாம், பரிவட்டத்தையே ஒழித்துவிடுவோம் என்று மாட்டுங்காவில் காப்பி குடித்துக்கொண்டே நண்பனொருவன் சொன்னான். எனக்கும் கொள்கையளவில் அதுவே சம்மதம். ஒரு வீட்டுக்கு மட்டும் முதல் மரியாதை என்றால் மற்ற வீடுகளுக்கு என்ன பெயர்? ஆனால் அந்தப் பெரிய சீர்திருத்தத்தைச் சொல்லி அக்காவின் சிறிய நியாயத்தைத் தள்ளிப்போட எனக்கு வாய் வரவில்லை. நமக்கு வரும்போது வாங்கிக்கொள்வதும், பெண்ணுக்குப் போகவேண்டிய கட்டத்தில் ஒழிக்கவேண்டும் என்பதும் எந்த ஊர் முற்போக்கு?

பெரியப்பாவிடம் மாட்டேன் என்றேன். அக்காவுக்குக் கட்டுங்கள் என்றும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "ஊர் ஒத்துக்கிடாதுல" என்றார். சற்றுப் பொறுத்து, "அவ கேட்கவேயில்லையே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான், அவளை நானும் கேட்கவில்லை.

மறுநாள் கேட்டேன். தொலைபேசியில் வெகுநேரம் பேச்சில்லை. "முதல்ல நீ கொடைக்கு வா" என்றாள். ஆடியில் கொடை. ஆய்வுக்கூடத்தில் ஐந்து நாள் விடுப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். என் தலைக்கட்டு வரி எவ்வளவு என்று அவள் நோட்டைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். சென்ற ஆண்டுப் பாக்கியும் உண்டாம்.